சீன மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் ஆங்கிலக் கேட்டலையும் வாசிப்பையும் மதிப்பிடுவது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியருக்கு

ஹுனான் மாகாணத்தில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளி. அங்கே ஆங்கிலம் சொல்லித்தரப் போன முதல் பருவத்தில், பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி மாதத் தேர்வின் கேட்டல் பகுதியில் 20 வினாவுக்கு 17 சரியாக எழுதியிருந்தாள். நல்ல காது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அதே ஒலிப்பதிவை அவளுக்கு மட்டும் ஓடவிட்டு, பத்து இடங்களில் நிறுத்தி, "நிறுத்துவதற்கு முன் காதில் விழுந்த கடைசி ஐந்து சொல்லை எழுது" என்றேன். "பிக் இட் அப்" என்பதை "பிக் எ டாப்" என்று எழுதியிருந்தாள். "அன் அஸிஸ்டண்ட்" அவளுக்கு "எ சிஸ்டர்" ஆகியிருந்தது. பத்தில் ஆறு இடம் இப்படி. இருந்தும் அந்த 17 பொய்யில்லை. ஒலிப்பதிவு தொடங்கும் முன்பே விடைகளைப் படித்து, என்ன பேச்சு வரப்போகிறது என்று ஊகித்து, தெரிந்த இரண்டு மூன்று சொல்லைப் பிடித்துக்கொண்டு சரியான விடைக்குப் போய்விடுகிறாள். அதுவும் ஒரு திறமைதான். ஆனால் பல்கலைக்கழக வகுப்பறையில் உட்காரும்போது அவள் முன்னால் ஏ, பி, சி என்று எதுவும் அச்சடித்திருக்காது.

விடை சரியா தவறா என்று பார்ப்பதோடு, அது எந்த வழியாக வந்தது என்றும் பார்க்கப் பழக வேண்டும். இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அதைச் சுற்றித்தான் இருக்கிறது. வினாத்தாள் தயாரிப்பதிலிருந்து பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவது வரை, செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் காவ்காவ் தாளை நீங்களே எழுதுங்கள்

சீனாவில் மேல்நிலைப் பள்ளி மூன்று ஆண்டு: காவ் யீ, காவ் அர், காவ் சான். மூன்றாண்டும் ஒரே தேர்வை நோக்கித்தான் ஓடுகிறது. அதுதான் காவ்காவ், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. பண்பாட்டுப் புரட்சியில் நின்றுபோய், 1977இல் மறுபடி தொடங்கியது. 2024இல் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். அயல்மொழித் தாளுக்கு ஆறு மொழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றாலும், மிகப் பெரும்பாலானோர் எழுதுவது ஆங்கிலம்.

ஆங்கிலத் தாளின் மொத்த மதிப்பெண் 150, நேரம் 2 மணி. தேசியத் தாளைப் பின்பற்றும் மாகாணங்களில் கேட்டல் 30 மதிப்பெண், வாசிப்பு 50, சொல்லும் இலக்கணமும் 30, எழுத்து 40.

கேட்டலில் 20 வினா, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண், மூன்று விடைகளில் ஒன்றைத் தெரிய வேண்டும். முதல் ஐந்து குட்டி உரையாடல்கள் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும், ஒவ்வொன்றுக்கும் பிறகு 10 விநாடி கிடைக்கும். அடுத்து வரும் ஐந்து நீளமான உரையாடல்களோ தனிப்பேச்சுகளோ இரண்டு முறை ஒலிக்கும். வினாவைப் படிக்க 5 விநாடி, விடை குறிக்க 5 விநாடி. தாளின் தலைப்பில் மாதிரி வினா ஒன்று உண்டு: சட்டையின் விலை என்ன? 19.15 பவுண்டா, 9.18 பவுண்டா, 9.15 பவுண்டா? விடை சி. இந்தச் சட்டை விலை தெரியாத மாணவர் சீனாவில் இருக்க முடியாது.

வாசிப்பில் நான்கு பத்திகள், 15 வினா, ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மதிப்பெண், நான்கு விடைகள். முதல் பத்தி பெரும்பாலும் அறிவிப்பு, விளம்பரம் மாதிரி இருக்கும். போகப் போகக் கனக்கும். பிறகு "ஏழில் ஐந்து" என்ற பகுதி. ஒரு கட்டுரையில் ஐந்து இடம் காலியாக இருக்கும், கொடுத்த ஏழு வாக்கியங்களில் பொருந்துவதை எடுத்து வைக்க வேண்டும், இரண்டு மிஞ்சும். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பத்தியின் ஓட்டம் புரியாமல் இதில் தப்பிக்க முடியாது.

எல்லா இடத்திலும் இதே அமைப்பு இல்லை. பெய்ஜிங்கில் 2021 முதல் எழுத்துத் தாள் 100, கணினியில் நடக்கும் கேட்டலும் பேச்சும் 50. அந்தக் கணினித் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, கூடுதலான மதிப்பெண் எடுத்துக்கொள்ளப்படும். நீங்கள் போகும் மாகாணத்தின் தாளை வாங்கி, கடிகாரம் வைத்து, 2பி பென்சிலால் விடைத்தாளில் கட்டம் கறுப்பாக்கி, ஒரு முழுத் தேர்வு எழுதிப் பாருங்கள். பிள்ளைகள் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

ஆனால் பழைய காவ்காவ் தாளையே எடுத்து மதிப்பீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். இறுதியாண்டு மாணவர்கள் இரவுப் படிப்பு நேரத்தில் பல வருடத் தாள்களைக் கரைத்துக் குடித்திருப்பார்கள். அதைக் கொடுத்தால் நீங்கள் அளப்பது ஞாபகசக்தியை.

எதற்காக அளக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்

வகுப்பைப் பிரிக்கவா, எங்கே தடுமாறுகிறார்கள் என்று கண்டுபிடிக்கவா, ஒரு பருவத்தில் எவ்வளவு முன்னேறினார்கள் என்று பார்க்கவா? மூன்றுக்கும் மூன்று வகைத் தாள். புதியவர் முதலில் இரண்டாவதைச் செய்வது நல்லது. மற்ற இரண்டையும் பள்ளி ஏற்கனவே யுவே காவ் என்ற மாதத் தேர்விலும் மாதிரித் தேர்வுகளிலும் செய்துகொண்டுதான் இருக்கிறது.

அளவுகோல் வேண்டுமென்றால், 2018இல் சீனக் கல்வி அமைச்சகமும் தேசிய மொழி ஆணையமும் வெளியிட்ட ஆங்கிலத் திறன் நிலைப்பட்டியல் இருக்கிறது. மொத்தம் ஒன்பது நிலை. மேல்நிலைப் பள்ளி முடிப்பவரிடம் எதிர்பார்ப்பது ஏறத்தாழ நான்காம் நிலை. வெளிநாட்டுப் படிப்புக்குக் கேட்கும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வோடு 2019இல் இதை ஒப்பிட்டபோது நான்காம் நிலை 4.5க்கு இணையாக வந்தது. வெளிநாடு போக நினைக்கும் மாணவரின் பெற்றோர் இதைத்தான் கேட்பார்கள்.

எங்கே சறுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்

சீன மொழியை ஓரளவாவது தெரிந்துகொள்ளாமல் வினாத்தாள் போட உட்காராதீர்கள். தவறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அதைப் பிடிக்கும் வினாவை எழுத முடியும்.

பொதுச்சீனத்தில் சொல்லின் கடைசியில் வரும் மெய்கள் மிகக் குறைவு. ன் மாதிரி ஒன்று, ங் மாதிரி ஒன்று, சில இடங்களில் ர். ஆங்கிலத்திலோ ஏராளமான சொற்கள் மெய்யில் முடிந்து, அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அதோடு ஒட்டிக்கொள்கின்றன. "நாட் அட் ஆல்" வாயிலிருந்து வரும்போது "நாட்டடால்". அச்சில் இந்த மூன்று சொல்லும் பத்தாவது படிக்கும்போதே தெரியும். காதில் அது ஒரே புதுச் சொல்லாகக் கேட்கிறது. கேட்டலில் பாதித் தவறு சொல் தெரியாததால் வருவதில்லை, தெரிந்த சொல்லை அடையாளம் காணாததால் வருகிறது. இதை முதல் வாரமே சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

ஹுனான், சிச்சுவான் பக்கங்களில் பல வட்டாரப் பேச்சுகளில் ந-வும் ல-வும் கலந்துவிடும். "நைட்", "லைட்" இரண்டும் சில பிள்ளைகளுக்கு ஒன்றுபோலவே கேட்கும். பெய்ஜிங் பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே ஒரு மாகாணத்துக்குப் போட்ட தாள் இன்னொரு மாகாணத்தில் வேறு எதையோ அளக்கும்.

பேச்சில் "அவன்", "அவள்" இரண்டுக்கும் சீனத்தில் ஒரே ஒலி, "தா". எழுதும்போதுதான் வேறுபாடு. ஆங்கில உரையாடலில் "ஹீ", "ஷீ" மாறி மாறி வந்தால், யார் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நல்ல மாணவரே குழம்புவார்.

எண்களில் தனிக் கவனம் வேண்டும். சீனர்கள் பத்தாயிரத்தை "வான்" என்று ஓர் அலகாக எண்ணுகிறார்கள். 1,30,000 அவர்களுக்குப் பதின்மூன்று வான். "ஹண்ட்ரட் அண்ட் தர்ட்டி தவுசண்ட்" என்று காதில் விழுந்ததும் மனதுக்குள் ஒரு மாற்றுக் கணக்குப் போட வேண்டும், அதற்குள் அடுத்த வாக்கியம் ஓடிவிடும். லட்சத்தில் எண்ணிப் பழகிய நமக்கு இந்தத் தவிப்பு நன்றாகவே புரியும்.

இன்னும் இரண்டு இடத்தில் தமிழர் இந்த மாணவர்களுக்கு வெகு அருகில் இருக்கிறோம். "நீ வரலையா?" என்று கேட்டால் "ஆமா, வரலை" என்போம். சீனரும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அதே இடத்தில் "நோ" வர வேண்டும். உரையாடலில் எதிர்மறைக் கேள்வி ஒன்றை வைத்துப் பாருங்கள், பாதி வகுப்பு தலைகீழாகப் புரிந்துகொள்ளும். அடுத்தது வாக்கிய அமைப்பு. "ஜன்னல் உடைந்ததை ஆசிரியரிடம் சொன்ன பெண் சீக்கிரம் கிளம்பினாள்" என்பதில் பெண்ணைப் பற்றிய விவரமெல்லாம் பெண்ணுக்கு முன்னால் வந்துவிடுகிறது. சீனத்திலும் அதே வரிசை. ஆங்கிலத்தில் பெண் முதலில் வருவாள், விவரமெல்லாம் பின்னால் வால் மாதிரி நீளும், "கிளம்பினாள்" என்பது அந்த வாலின் கடைசியில் இருக்கும். "யார் கிளம்பியது?" என்று கேட்டால், பக்கத்தில் இருக்கும் பெயரைச் சொல்லிவிடுவார்கள். வாசிப்பில் வேகம் குறைவதற்கு நான் கண்ட முதல் காரணம் இது. அருஞ்சொற்கள் அதற்கு அடுத்துத்தான்.

கேட்டல் தாள் தயாரிப்பது

செய்தித்தாளை எடுத்து ஒருவர் வாசிக்க, அதைப் பதிவு செய்து கேட்டல் என்று கொடுக்காதீர்கள். அது வாசிப்புப் பத்தியைச் சத்தமாகக் கொடுப்பது. சூழ்நிலையை மட்டும் நாலு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: விடுதி அறையில் வெந்நீர் வரவில்லை, ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்கிறாள். இரண்டு சக ஆசிரியர்களைத் தங்கள் சொந்த வார்த்தையில் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். திக்கல், "வெல்", "ஐ மீன்" எல்லாம் இருக்கட்டும். திரைச்சீலை போட்ட சின்ன அறையும் ஒரு கைப்பேசியும் போதும். எண்களைப் பழக்க மட்டும் கணினிக் குரல் பரவாயில்லை. வேகத்தை நிமிடத்துக்கு 120 சொல் சுற்றில் வைத்துத் தொடங்கி, ஆண்டு போகப் போகக் கூட்டுங்கள்.

தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் ஆட்டம் தெரியாதவன் தோற்பான். ராட்சதப் பாண்டாவைப் பற்றிக் கேட்டால் எவனும் ஒலிப்பதிவைக் கேட்க வேண்டியதே இல்லை, எல்லாம் முன்பே தெரியும்.

வினா எழுதும்போது, ஒலிப்பதிவில் வந்த சொல்லைச் சரியான விடையில் அப்படியே வைக்காதீர்கள். தவறான விடைகளில் அந்தச் சொற்களை வையுங்கள். சொல்லை மட்டும் பிடித்தவனும் பொருளைப் பிடித்தவனும் அங்கே பிரிவார்கள். விடைகள் சுருக்கமாக இருக்க வேண்டும். நீளமாக எழுதினால் வாசிப்பு வேகம் நடுவில் புகுந்துவிடும்.

20 வினாவில் கடைசி ஐந்தையாவது விடை கொடுக்காமல் கேளுங்கள். ஒரு சொல்லிலோ எண்ணிலோ எழுதட்டும். இதற்குக் காரணம் வெறும் கணக்குதான். மூன்று விடை வைத்த 20 வினாவில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சராசரியாக ஆறேழு சரியாக வரும், அதாவது 30க்குப் பத்து மதிப்பெண். ஒருவன் பத்து வாங்கினால் அவன் காதைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியவில்லை.

வாசிப்புத் தாள்

பத்திக்கு 300 சொல் சுற்றில் எடுங்கள். மேல்நிலைப் பாடத்திட்டம் எதிர்பார்க்கும் சொல்வளம் ஏறத்தாழ 3,000. அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, நூறு சொல்லில் ஐந்துக்கு மேல் பட்டியலுக்கு வெளியே இருந்தால் பத்தியை மாற்றுங்கள் அல்லது அடிக்குறிப்பு கொடுங்கள்.

காவ்காவ் வினாக்கள் பெரும்பாலும் நான்கு வகை: விவரம், ஊகம், மையக்கருத்து, சொற்பொருள் ஊகித்தல். ஐந்து வினா எழுதினால் விவரத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். விவர வினாவில் இந்தப் பிள்ளைகள் மிகவும் கெட்டி. வினாவில் உள்ள முக்கியச் சொல்லுக்கு அடிக்கோடு போட்டு, அதே சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து, சுற்றியுள்ள வரியை விடைகளோடு ஒப்பிடுவது அவர்களுக்கு அத்துப்படி. பத்தி புரியாமலே இது நடக்கும்.

தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். இன்னொரு வகுப்பில் ஐந்தாறு பேரைக் கூப்பிட்டு, பத்தியைக் கொடுக்காமல் வினாவை மட்டும் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். நான்கில் ஒன்று சரியாக வந்தால் அது குருட்டு அதிர்ஷ்டம். எல்லோரும் ஒரே வினாவைச் சரியாக எழுதினால் அந்த வினா தன் விடையைத் தானே காட்டிக்கொடுக்கிறது. நான் இதைச் செய்த முதல் தடவை எட்டு வினாவில் மூன்றைத் தூக்கிப் போட வேண்டியிருந்தது. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் தூக்குங்கள்.

தேர்வு நாளில்

காவ்காவ் ஆங்கிலத் தாள் ஜூன் 8 பிற்பகல் 3 மணிக்கு. கேட்டல் நேரத்தில் பல ஊர்களில் தேர்வு மையத்தைச் சுற்றி ஹாரன் அடிக்கக் கூடாது, கட்டட வேலை நடக்கக் கூடாது என்று உத்தரவு போடுகிறார்கள். நம்மால் ஊரை நிறுத்த முடியாது. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து ஒலிப்பதிவை முழுக்க ஒருமுறை கேட்க முடியும். 50 பேர் வகுப்பில் பின்வரிசைக்குக் குரல் தெளிவாக எட்டவில்லை என்றால் அந்த மதிப்பெண் காதைப் பற்றியது இல்லை, இருக்கையைப் பற்றியது.

திருத்திய பிறகு

மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு வினாவையும் பாருங்கள். இரண்டு எளிய கணக்குப் போதும். எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்பது ஒன்று. மேலே உள்ள 27 சதவீதத்தினரையும் கீழே உள்ள 27 சதவீதத்தினரையும் எடுத்து, இரு பக்கமும் எத்தனை பேர் சரி என்று ஒப்பிடுவது இன்னொன்று. 50 பேரில் அது 13 பேரும் 13 பேரும்.

ஒரு தாளில் ஏழாவது வினாவை 38 பேர் சரியாக எழுதியிருந்தார்கள். மேலே 12, கீழே 8. வித்தியாசம் 4, பதின்மூன்றால் வகுத்தால் 0.31. நல்ல வினா. பதினான்காவது வினாவில் மேலே 5, கீழே 7. கெட்டிக்காரர்கள் தவறு செய்து, திணறுபவர்கள் சரியாக எழுதியிருக்கிறார்கள். ஒலிப்பதிவை மறுபடி கேட்டேன். ஏன் தாமதம் என்று கேட்டதற்கு அந்த ஆள் "பஸ் லேட்... உண்மையைச் சொன்னால், எழுந்ததே எட்டு மணிக்கு" என்கிறான். தூங்கிவிட்டான் என்பது என் விடை. கவனமாகக் கேட்டவர்களுக்கு இரண்டு காரணமும் கேட்டிருக்கிறது, இரண்டும் விடைகளில் இருக்கின்றன. தவறு என்னுடையது. அந்த வினாவை ரத்து செய்து, ஏன் ரத்து என்று வகுப்பில் சொன்னேன்.

வெளிப்படையாகச் சொல்வதை விட்டுவிடாதீர்கள். 2018 நவம்பரில் ஜெஜியாங் மாகாணத்தில் நடந்த காவ்காவ் ஆங்கிலத் தேர்வில், தாள் கடினமாகிவிட்டது என்று வாசிப்பிலும் எழுத்திலும் சில வினாக்களுக்கு மதிப்பெண்ணை எடைபோட்டு மாற்றினார்கள். பெற்றோர்கள் கொதித்தார்கள். மாகாண அரசு விசாரணை நடத்தி, அந்த மாற்றத்தை ரத்து செய்து, பழைய மதிப்பெண்ணையே திரும்பக் கொடுத்தது. ஒரு பிள்ளையின் மூன்று வருட உழைப்பு அதில் தொங்குகிறது. உங்களுடையது சின்ன வகுப்புத் தேர்வாக இருந்தாலும் அதே நேர்மை வேண்டும்.

பிள்ளையோடு உட்காருங்கள்

எல்லோரோடும் முடியாது. மேலே இருவர், நடுவில் இருவர், கீழே இருவர், ஆளுக்குப் பதினைந்து நிமிடம். கேட்டலுக்கு, நான் முதலில் சொன்ன நிறுத்தி எழுதும் பயிற்சி. வாசிப்புக்கு, ஒரு வினாவைக் காட்டி "இந்த விடையை எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேளுங்கள். சீனத்திலேயே பதில் சொல்லட்டும். உங்களுக்குச் சீனம் வராவிட்டால் சக ஆசிரியர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னால் அவன் பேச்சுத் திறனைத்தான் அளப்பீர்கள், புரிந்தது வெளியே வராது.

ஒரு பையன் சரியான விடையைக் காட்டி, "லாவ்ஷி (ஆசிரியரே), மற்ற மூன்றிலும் 'எப்போதும்', 'எல்லோரும்' என்று இருக்கிறது, அப்படி இருந்தால் தப்பு" என்றான். பத்தியை அவன் தொடவே இல்லை. இன்னொருத்தி தவறான விடைக்குச் சொன்ன காரணத்தைக் கேட்டால், பத்தி முழுவதும் புரிந்திருக்கிறது, வினாவில் "நாட்" இருந்ததை மட்டும் கவனிக்கவில்லை. விடைத்தாளில் அவன் சரி, அவள் தவறு.

கேட்டதையெல்லாம் அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள். பெயருக்கு நேரே மூன்று குறிப்பு: ஒலியைப் பிரிக்க முடிகிறதா, நீண்ட வாக்கியத்தை அவிழ்க்க முடிகிறதா, சொல்லாததை ஊகிக்க முடிகிறதா. வகுப்பாசிரியருக்கு, அங்கே பான் ஜூரென் என்பார்கள், மதிப்பெண் பட்டியலோடு இந்தக் குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். எண்ணை மட்டும் கொடுத்தால் எண்ணைப் பற்றி மட்டும்தான் பெற்றோர் கூட்டத்தில் பேசுவார்கள்.

அந்த மாணவிக்குக் குறிப்பில் ஒரே வரிதான் எழுதினேன்: ஒட்டிவரும் ஒலிகளைப் பிரிக்கவில்லை, தினமும் பத்து நிமிடம் கேட்டு எழுதட்டும். காலை வாசிப்புக்கு முன் மாடிப்படியில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு எழுதுவாள். பருவக் கடைசியில் வேறொரு தாளில் 18 எடுத்தாள், முன்பைவிட ஒன்றுதான் கூட. நிறுத்தி எழுதியதில் பத்துக்கு எட்டு சரி. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் பான் ஜூரெனிடம் காட்டினேன். அவர் 18ஐ ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேட்டு எழுதிய தாளைக் கையில் எடுத்து வரி வரியாகப் படித்தார்.